செருப்புத் தைத்தவர் எழுதிய விளையாட்டு!

வீட்டுக்கு அடியில் ஓர் அறை. அங்கே ஒரு டைப்ரைட்டர். பக்கத்தில் பூட்ஸ் தைக்கும் கருவிகள்.

அந்த மனிதர் ஊராரின் பூட்ஸ்களைப் பழுது பார்ப்பார். அந்த வேலை முடிந்ததும் டைப்ரைட்டரின் முன்னால் உட்காருவார். பூதம், பாதாளக் குகை, புதையல், மந்திர வாள் என்று எழுதிக்கொண்டே இருப்பார்.

வீட்டில் மனைவி இருந்தார். ஐந்து பிள்ளைகள். நிலையான சம்பளம் கிடையாது.

பூதக் கதை எழுதினால் அடுப்பு எரியுமா?

எரிந்தது! அவர் எழுதியதை உலகமே வாங்கி விளையாடியது. ஆனால் கடைசியில், அவர் உண்டாக்கிய கம்பெனியிலேயே அவருக்கு இடம் இல்லாமல் போயிற்று.

அவர் பெயர் கேரி கைகாக்ஸ். அமெரிக்கர். அவர் எழுதிய விளையாட்டின் பெயர் "டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்." பாதாளச் சிறைகளும், நெருப்பைக் கக்கும் பறக்கும் நாகங்களும் என்று பொருள்.

விளையாட்டு எழுதுவது ஒரு தொழிலா? அது பிள்ளைகளைக் கெடுக்குமா? எழுதியவனுக்கு அது சொந்தமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் அவருடைய வாழ்க்கையில் பதில் இருக்கிறது.

அப்பா சொன்ன கதை

கேரி கைகாக்ஸ் 1938-ம் ஆண்டு சிகாகோ நகரத்தில் பிறந்தார். அவருடைய தந்தை சுவிட்சர்லாந்தில் இருந்து வந்து குடியேறியவர். சிகாகோவின் பெரிய இசைக் குழுவில் பிடில் வாசித்தவர்.

தந்தை இரவில் மகனுக்குக் கதை சொல்வார். வரம் கொடுக்கும் கிழவர், மாய மோதிரம், கெட்ட மந்திரவாதி, அஞ்சாத வாள் வீரன் என்று கதை நீளும். அந்தக் கதைகளுக்குத் தாம் கடன்பட்டவர் என்று பிற்காலத்தில் கைகாக்ஸ் தம் புத்தகத்திலேயே எழுதினார்.

1946-ல் குடும்பம் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்ற சிறிய ஊருக்குப் போயிற்று. அது ஏரிக்கரை ஊர். அங்கேதான் அவர் வளர்ந்தார்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார். பட்டாளத்தில் சேர்ந்தார். நுரையீரல் நோய் வந்தது, திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு சிகாகோவில் இன்சூரன்ஸ் கம்பெனி வேலை கிடைத்தது. யாருக்கு எந்த ஆபத்து வரும், எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்ப்பதுதான் அந்த வேலை.

அந்தக் கணக்கு வீண் போகவில்லை. பின்னாளில் அவர் எழுதிய புத்தகங்கள் முழுக்க ஆபத்தின் அட்டவணைகள்தாம். குகையில் நுழைந்தால் என்ன நேரும்? வலையில் சிக்கினால் தப்ப எவ்வளவு வாய்ப்பு? எல்லாவற்றுக்கும் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார்!

50 டாலர் வாடகை

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. சின்னச் சின்னப் பொம்மைச் சிப்பாய்களை மேஜைமேல் அடுக்கிப் போர் விளையாடுவார். அமெரிக்காவில் பெரியவர்களும் ஆடும் விளையாட்டு அது.

1967-ல் இப்படிப்பட்ட நண்பர்கள் அவர் வீட்டிலே கூடினார்கள். மறு ஆண்டு இடம் போதவில்லை. ஊரில் இருந்த மண்டபம் ஒன்றை 50 டாலர் வாடகைக்குப் பிடித்தார்கள். சுமார் 100 பேர் வந்தார்கள். "ஜென் கான்" என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர்.

அந்தக் கூட்டம் நின்று போகவில்லை. இப்போது இண்டியானாபொலிஸ் நகரத்தில் நடக்கிறது. பல்லாயிரம் பேர் வருகிறார்கள்.

1970-ல் கைகாக்சுக்கு இன்சூரன்ஸ் வேலை போய்விட்டது. அப்போதுதான் அவர் பூட்ஸ் தைக்க உட்கார்ந்தார். வருமானம் குறைந்தது. எழுத நேரம் கிடைத்தது.

இன்னொரு மனிதர்

இந்தக் கதையில் இன்னொருவர் உண்டு. அவரை விட்டுவிட்டால் கதை பொய்யாகிவிடும்.

அவர் பெயர் டேவ் ஆர்னசன். பக்கத்து மாநிலமான மின்னசோட்டாக்காரர். கைகாக்சைவிட ஒன்பது வயது இளையவர். 1969-ல் ஜென் கான் கூட்டத்தில் இருவரும் சந்தித்தார்கள்.

ஆர்னசனிடம் ஒரு புதிய யோசனை இருந்தது. போர் விளையாட்டில் ஒருவர் ஒரு படையை நடத்துவார். ஆர்னசன் அதை மாற்றினார். "நீ படை அல்ல. நீ ஒரே ஓர் ஆள். உன் பெயர் என்ன? இந்தக் கோட்டைக்கு அடியில் ஒரு பாதாளம் இருக்கிறது. இறங்குகிறாயா?" என்று கேட்டார்.

அந்த ஆள் பிழைத்து வந்தால், மறுநாள் அதே ஆளாகத் தொடர்ந்து ஆடலாம். அனுபவம் கூடும்; பலம் கூடும்.

1972-ம் ஆண்டின் கடைசியில் ஆர்னசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து இதை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் மயங்கிப் போனார்! விதிகளை அனுப்பும்படி கேட்டார். ஆர்னசனிடம் இருந்தவை சில பக்கக் குறிப்புகளே. கைகாக்ஸ் டைப்ரைட்டரை எடுத்தார். முதலில் 50 பக்கம் எழுதினார். பிறகு 150 பக்கம் ஆயிற்று.

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே? அவருடைய மகனும் மகளுமே முதலில் ஆடினார்கள். அவர்களைத் தாம் கற்பனை செய்த கோட்டையின் அடியில் இறக்கிவிட்டார். பிள்ளைகள் விடவில்லை. இன்னும் வேண்டும் என்றார்கள்.

ஆடுவது எப்படி?

நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் நடுவர். அவர்தான் கதையை நடத்துவார்.

மற்றவர்களில் ஒருவர் வீரன். ஒருவர் மந்திரவாதி. ஒருவர் திருடன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு காகிதம், ஒரு பென்சில்.

நடுவர் சொல்வார்: "இருட்டுக் குகை. தண்ணீர் சொட்டுகிற ஓசை கேட்கிறது. முன்னால் இரண்டு வழிகள். என்ன செய்கிறீர்கள்?"

"பந்தத்தைக் கொளுத்துகிறேன்" என்பான் ஒருவன். "தரையில் கால் தடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்" என்பாள் ஒருத்தி.

பூதம் வந்தால் சண்டை. வெட்டு விழுமா, விழாதா? பகடை சொல்லும். பகடை என்றால் ஆறு முகப் பகடை மட்டும் அல்ல. நாலு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகள்! பள்ளிக்கூடச் சாமான்கள் விற்கும் விலைப் பட்டியலில்தான் கைகாக்ஸ் அவற்றைக் கண்டுபிடித்தார்.

இந்த விளையாட்டில் ஒருவர் ஜெயித்து மற்றவர் தோற்பது கிடையாது. எல்லோரும் சேர்ந்து ஒரு கதையைக் கட்டுகிறார்கள். பாட்டி கதை சொல்லும்போது, "அந்த ராஜகுமாரன் ஏன் அந்தக் கதவைத் திறந்தான்? நானாக இருந்தால் திறக்க மாட்டேன்" என்று குழந்தை குறுக்கே பேசும். இங்கே அப்படிக் குறுக்கே பேசுவதே விளையாட்டு!

1,000 பெட்டிகள்

பெரிய கம்பெனிகள் இதை அச்சிட முன்வரவில்லை. ஆகவே 1973-ல் கைகாக்சும் அவருடைய பால்ய நண்பர் டான் கேயும் சேர்ந்து ஒரு சிறு கம்பெனி தொடங்கினார்கள். நண்பர் தம் ஆயுள் இன்சூரன்சின் பேரில் கடன் வாங்கிப் பணம் போட்டார். பணம் போதவில்லை. பிரையன் புளூம் என்ற மூன்றாவது பங்காளி 2,000 டாலருடன் வந்தார்.

1974 ஜனவரியில் விளையாட்டு வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். விலை 10 டாலர். அச்சிட்டவை 1,000. வீட்டிலேயே உட்கார்ந்து பெட்டியில் அடுக்கினார்கள். ஓர் ஆண்டுக்குள் விற்றுத் தீர்ந்தது.

ஆனால் 1975 ஜனவரியில் டான் கே மாரடைப்பால் இறந்தார். வயது 36. அவருடைய பங்கை வாங்கக் கைகாக்சிடம் பணம் இல்லை. புளூம் குடும்பம் வாங்கிக்கொண்டது. கம்பெனியில் கைகாக்சின் பங்கு பாதிக்கும் குறைவாயிற்று.

விற்பனைச் சந்தோஷத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை. பத்து ஆண்டு கழித்துத் தெரிந்தது.

வீண் பொழுதா?

"உட்கார்ந்த இடத்தில் பூதத்தோடு சண்டை போடுவதா? இது வீண் பொழுது" என்று சொன்னவர்கள் உண்டு. இன்றும் சொல்கிறார்கள்.

அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த விளையாட்டை ஆட, படிக்கத் தெரிய வேண்டும். கூட்டிக் கழிக்கத் தெரிய வேண்டும். மற்றவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தனியே ஓடுகிறவன் குகையில் சாவான். சேர்ந்து போகிறவர்கள் பிழைப்பார்கள்.

கைகாக்ஸ் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஆனால் ஓயாமல் படித்தவர். கடினமான பழைய சொற்களைத் தேடித் தேடித் தம் புத்தகத்தில் போட்டார். அகராதியைப் புரட்டாமல் அந்தப் பக்கங்களைத் தாண்ட முடியாது.

பிள்ளைகளை அகராதியைத் தேட வைக்கும் விளையாட்டை வீண் என்று தள்ள முடியுமா?

பேய் பிடித்ததா?

1979-ல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு கல்லூரி மாணவன் காணாமல் போனான். வயது 16. அவன் இந்த விளையாட்டை ஆடுபவன். "விளையாட்டை உண்மை என்று நம்பிச் சுரங்கத்துக்குள் போய்விட்டானோ?" என்று ஒரு துப்பறிவாளர் சந்தேகப்பட்டார். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன.

பிறகு அவன் கிடைத்தான். அவன் போனதற்குக் காரணம் மனத்துயரம். விளையாட்டு அல்ல. ஆனால் முதலில் வந்த பொய்ச் சேதிக்கு இருந்த வேகம், பின்னால் வந்த உண்மைக்கு இல்லை.

அடுத்த சில ஆண்டுகள் ஒரே கூச்சல். "இது சாத்தானின் விளையாட்டு! பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது!" என்றார்கள். 1982-ல் இதே பயத்தை வைத்து டெலிவிஷன் படம் ஒன்றும் வந்தது. 1985-ல் கைகாக்ஸ் டெலிவிஷனில் தோன்றிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கொலை மிரட்டல்கள் வந்ததாகவும், காவலுக்கு ஆள் வைத்துக்கொண்டதாகவும் பின்னாளில் அவர் சொன்னார்.

வேடிக்கை என்னவென்றால், அவரே வேதாகமத்தில் நம்பிக்கை உள்ளவர்!

பிறகு ஆராய்ந்து பார்த்தவர்கள், விளையாட்டினால்தான் தற்கொலை நேர்ந்தது என்பதற்கு ஆதாரம் காணவில்லை. கூச்சலால் நடந்தது ஒன்றுதான். விளையாட்டின் விற்பனை ஏறிற்று!

இங்கே பெற்றோர்களின் கவலையைக் கேலி செய்யக் கூடாது. பிள்ளையை இழந்தவர்களின் துயரம் உண்மையானது. ஆனால் காரணத்தைத் தேடிய இடம் தவறு. பிள்ளையின் முகம் வாடியிருந்தால், அவன் கையில் இருக்கும் பகடையைப் பிடுங்குவதால் பயன் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன அப்பா வருத்தம்?" என்று கேட்க வேண்டும். ஒரு நாள் மேஜையில் கூட உட்கார்ந்து பார்த்திருந்தால், பாதிப் பயம் அன்றே பறந்திருக்கும்.

மாறிய மனம்

எழுத்தாளரிடமும் குறை உண்டு.

1974-ல் வந்த முதல் புத்தகங்களின் முடிவில், "உங்கள் கற்பனைக்கு வேண்டியதை நீங்களே செய்துகொள்ளுங்கள், எல்லாவற்றையும் எங்களிடம் ஏன் கேட்க வேண்டும்?" என்ற கருத்தில் எழுதியிருந்தது. நல்ல மனம்! விதி என்பது வேலி அல்ல, வழிகாட்டி என்பதே அதன் பொருள்.

சில ஆண்டுகளில் பேச்சு மாறிற்று. 1977 முதல் 1979 வரை "அட்வான்ஸ்டு" என்ற அடைமொழியுடன் பெரிய புத்தகங்களை அவர் எழுதினார். அப்போது, "இந்த விதிகளை மாற்றி ஆடினால் அது இந்த விளையாட்டே அல்ல" என்ற கருத்தில் பத்திரிகையில் எழுதினார்.

ஏன் இந்த மாற்றம்? ஊருக்கு ஊர் ஒரே மாதிரி ஆட வேண்டும் என்ற எண்ணம் ஒரு காரணம். கம்பெனி பெரிதாகிவிட்டது. சொந்தமாக விதி செய்கிறவன் புதுப் புத்தகம் வாங்குவானா? அந்தக் கவலையும் இல்லாமல் இருந்திருக்காது.

வழக்கு வந்தது

அதே சமயத்தில் ஆர்னசனுக்கும் அவருக்கும் தகராறு முற்றியது.

முதல் பெட்டியில் இருவர் பெயரும் இருந்தன. புதிய பெரிய புத்தகங்களுக்கு ஆர்னசனுக்குப் பங்குப் பணம் தரவில்லை. "இது வேறு விளையாட்டு" என்று கம்பெனி சொன்னது. "என் யோசனை இல்லாமல் இது ஏது?" என்று ஆர்னசன் 1979-ல் கோர்ட்டுக்குப் போனார். 1981-ல் சமரசம் ஆயிற்று.

யார் பக்கம் நியாயம்?

ஆர்னசன் விதை கொண்டு வந்தார். கைகாக்ஸ் உழுது, விதைத்து, தண்ணீர் பாய்ச்சினார். ஆர்னசன் இல்லாவிட்டால் விதை இல்லை. கைகாக்ஸ் இல்லாவிட்டால், அது சில நண்பர்களின் மேஜையோடு நின்றிருக்கும். ஆகவே விளைச்சல் இருவருக்கும் சேர வேண்டியதுதான். உழைத்தவன் அதிகம் கேட்கலாம். ஆனால் விதை கொடுத்தவனைக் களத்துமேட்டில் இருந்தே விரட்டலாமா? "இது வேறு வயல்" என்று சொல்வது நியாயம் ஆகாது.

நாற்காலி போயிற்று!

1980-களின் தொடக்கத்தில் கம்பெனியின் ஆண்டு வியாபாரம் 2 கோடி டாலரைத் தாண்டியது. விளையாட்டை வைத்துப் பிள்ளைகளுக்கான கார்ட்டூன் தொடர் 1983-ல் டெலிவிஷனில் வந்தது. அந்த வேலைக்காகக் கைகாக்ஸ் ஹாலிவுட்டில் இருந்தார்.

அவர் ஊர் திரும்பிப் பார்த்தபோது கம்பெனி கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. அவர் மீட்கப் பார்த்தார். ஆனால் 1985-ல் புளூம் குடும்பத்தின் பங்குகள் வேறு கைக்கு மாறின. நிர்வாகம் அவர் கையை விட்டுப் போயிற்று. கோர்ட்டுக்குப் போனார், பயன் இல்லை. அடுத்த ஆண்டு அடியோடு வெளியேறினார்.

1975-ல் நண்பர் இறந்தபோது கைவிட்டுப் போன பங்கின் விலை அன்றுதான் தெரிந்தது!

அவர் சும்மா இருக்கவில்லை. 1992-ல் வேறொரு விளையாட்டு எழுதினார். பழைய கம்பெனி அவர்மீதே வழக்குப் போட்டது. கடைசியில் சமரசம். அந்த விளையாட்டையும் கம்பெனியே வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டது.

"இது என் எழுத்து. எனக்கு இல்லையா?" என்று கேட்கும் நிலை கைகாக்சுக்கு வந்தது. 1979-ல் ஆர்னசன் கேட்டதும் இதே கேள்விதான்.

கைகாக்சுக்கு நேர்ந்தது அநியாயம் என்றால், ஆர்னசனுக்கு நேர்ந்ததும் அநியாயமே. ஒன்றுக்கு இரங்கி, மற்றொன்றை மறப்பது சரியல்ல.

திண்ணையில் முடிந்த கதை

கம்பெனி 1997-ல் வேறொருவருக்கு விற்கப்பட்டது. வாங்கிய கம்பெனியை 1999-ல் ஹாஸ்பிரோ என்ற பெரிய பொம்மைக் கம்பெனி வாங்கியது. கைகாக்ஸ் லேக் ஜெனீவாவிலேயே இருந்தார். வீட்டின் முன் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, தேடி வந்தவர்களோடு விளையாடினார். நடுவராக இருந்து கதை நடத்தினார். 2004-ல் பக்கவாதம் தாக்கியது. அப்போதும் முழுதாக விடவில்லை.

2008 மார்ச் 4-ந் தேதி அவர் காலமானார். வயது 69.

ஆர்னசன் புளோரிடாவில் கல்லூரி மாணவர்களுக்கு விளையாட்டு அமைக்கும் கலையைக் கற்றுக்கொடுத்தார். மறு ஆண்டு ஏப்ரலில் அவரும் காலமானார்.

2024-ல் விளையாட்டுக்கு 50 வயது ஆயிற்று. அமெரிக்கத் தபால் இலாகா அதற்குத் தபால் தலைகள் வெளியிட்டது. ஒரு காலத்தில் "சாத்தானின் விளையாட்டு" என்று திட்டியதை, இன்று கடிதத்தில் ஒட்டி அனுப்புகிறார்கள்!

சொந்தக்காரர் யார்?

சட்டப்படி அது கம்பெனிக்குச் சொந்தம். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் சட்டம் வேறு, நன்றி வேறு. ஒரு பொருளை இருவர் செய்தால் இருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். கூட்டுத் தொழில் தொடங்குகிறவர்கள், சிநேகிதம் நன்றாக இருக்கும்போதே காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். "ஒரு பங்காளி இறந்துவிட்டால் என்ன?" என்று கேட்பது அபசகுனம் அல்ல, அது விவேகம். இன்சூரன்சில் மற்றவர்களின் ஆபத்தைக் கணக்குப் பார்த்தவர், தமக்கு வரப்போகும் ஆபத்தைக் கணக்குப் பார்க்கத் தவறினார்.

கம்பெனியின் கைக்குப் போகாத ஒன்றும் உண்டு. எங்கோ ஒரு வீட்டில் இன்று இரவும் நாலு பிள்ளைகள் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். "கதவு திறக்கிறது. உள்ளே என்ன?" என்று ஒருவர் கேட்பார். அந்தக் கதை அவர்களுடையது.

ஒரு தந்தை மகனுக்குச் சொன்ன கதையில் தொடங்கியது இது. மகன் தன் பிள்ளைகளோடு அதை ஆடினான். இன்றைய தாய் தந்தையரும் இரவில் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை பேசலாம். அதற்குப் பெட்டியும் வேண்டாம், பகடையும் வேண்டாம்!